தனக்குக் கேட்காத இரைச்சலை நிறுத்தியவர்

செய்தி வந்தபோது என் கைப்பேசி அணைந்திருந்தது. ஒலிப்பதிவு நடக்கும் அறைக்குள் யாருடைய கைப்பேசியும் இயங்கக் கூடாது என்பது சம்பந்தம் அண்ணன் போட்ட சட்டம். சென்ற மாதம், பள்ளி விடுமுறையான ஒரு வியாழக்கிழமை, வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு அத்தியாயத்தை வாசித்து முடித்துவிட்டுப் பதினொரு மணிக்குக் கைப்பேசியை இயக்கினேன். பதினான்கு அழைப்புகள் தவறியதாகக் குறுஞ்செய்திகள் வந்து விழுந்தன. பதிமூன்று, அவர் மனைவி லோகநாயகி அக்காளுடையவை. எல்லாவற்றுக்கும் முதலில் வந்தது அவருடையது.

“நெஞ்சு கரிக்குதுன்னு சொல்லிக்கினேதான் உனக்குப் போன் போட்டாரு” என்று அக்கா பிறகு சொன்னார். “இன்னிக்கு வர முடியாது, பொட்டிய ஆன் பண்ணி அரை மணி நேரம் சூடேற உட்டுட்டு ஆரம்பிக்கச் சொல்லணும்னாரு. நீ எடுக்கல. அப்புறம் தண்ணி கேட்டாரு.”

தண்ணீரோடு அக்கா திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது.

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்துப் பதிவு செய்யும் நம் குழுவில் அவரை அறியாதவர் இல்லை. ஆனாலும் பலருக்கு அவர் ஒயர்களோடு குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு முதுகு மட்டும்தான். காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். லோகநாயகி அக்கா இன்றும் பட்டு நெய்கிறார். அண்ணன் மட்டும் பதினெட்டு வயதில் மைக்செட் கடைக்குப் போய்விட்டார். கூரம், வாலாஜாபாத் என்று சுற்றுவட்டாரத் திருவிழாக்களில் எல்லாம் குழாய் ஸ்பீக்கர் கட்டியவர். எங்கள் வீட்டு மாடியறையைப் பதிவு அறையாக்கியபோது ஒரு பிளக் பாயின்ட் போட வந்தார். வந்தவர் போகவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு கலைவாணி என்ற பெண், நாங்கள் பதிவு செய்த பாடங்களைக் கேட்டு அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பிறவியிலேயே பார்வை இல்லாதவள். ஒரு நாள் மாடியேறி வந்து சொன்னாள்: “அக்கா, உங்க குரலுக்குப் பின்னாடி ஒரு கொசு கத்திக்கினே இருக்குது. நாலு மணி நேரம் கேட்டா தலை வெடிக்குது.” நான் ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். எதுவும் இல்லை. குழுவில் வேறு இருவரும் இல்லை என்றார்கள். அவள் அதிகம் படித்த களைப்பில் சொல்கிறாள் என்று நினைத்தேன். கிட்டத்தட்ட அப்படியே சொல்லியும் விட்டேன். அண்ணன்தான் குறுக்கே வந்தார்.

“அந்தப் பொண்ணு இருக்குதுன்னு சொன்னா இருக்குது டீச்சர். அது பொய் சொல்லி என்ன ஆகப்போவுது?”

மறுநாள் ஒரு பைக் பேட்டரியைத் தூக்கி வந்தார். மைக்கில் வரும் குரலை எண்களாக மாற்றிக் கணினிக்கு அனுப்பும் சிறிய கருவி ஒன்று எங்களிடம் உண்டு. அதன் அடாப்டரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் இணைத்தார். ஐந்து நிமிடம் பதிவு செய்து கலைவாணிக்குப் போட்டுக் காட்டினோம். “இப்ப இல்ல” என்றாள். அடாப்டரை மாட்டினோம். “வந்துடுச்சு.” அண்ணன் தலையாட்டினார். கரன்டை ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டி அனுப்புகிற அடாப்டர் அது, அந்த வெட்டுதான் குரலில் கலக்கிறது என்றார். பேட்டரியிலேயே ஓட்டிவிடலாமே என்று கேட்டேன். “அது இறங்கும்போது நீங்க நடுப்பாடத்துல இருப்பீங்க” என்றார். பழைய முறையில், வெட்டாமல் சீராக மின்சாரம் தரும் ஒரு பவர் சப்ளையைத் தானே கட்டப்போவதாகச் சொன்னார். டிரான்ஸ்ஃபார்மர், நான்கு டையோடு, இரண்டு பெரிய கண்டென்சர், பன்னிரண்டு வோல்ட்டில் நிறுத்திப் பிடிக்க ஒரு ரெகுலேட்டர். அவ்வளவுதான் என்றார்.

அந்த வாரத்தில் நடந்ததை நீங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். கலைவாணியின் பதிவைத் தானும் கேட்க வேண்டும் என்று அண்ணன் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். கண்ணை மூடினார். “ஆமாம்மா, கேக்குது. சன்னமா கேக்குது” என்றார்.

கலைவாணி மெதுவாக, “அண்ணே, நான் இன்னும் ப்ளே பண்ணவே இல்ல” என்றாள்.

அவர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “முப்பது வருஷம் குழா ஸ்பீக்கர் பக்கத்துலியே நின்னேன்மா. மேல்சத்தம் எல்லாம் போயிடுச்சு. மைக்செட்காரனுக்குக் காது கேக்கலன்னா யாரு கூப்புடுவாங்க? அதான் யார்கிட்டயும் சொல்லல.” அவள் அவர் குரல் வந்த பக்கம் திரும்பி, “நான் கேட்டுச் சொல்றேன்ணே. நீங்க செய்யுங்க” என்றாள். நான் அறையின் மூலையில் நின்றிருந்தேன். இருவருக்கும் அது நினைவிருந்ததாகத் தெரியவில்லை.

பத்து நாளில் முதல் பெட்டி தயாரானது. பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் கூட்டுக்குள் எல்லாவற்றையும் அடக்கியிருந்தார். மாட்டியதும் கொசு போய்விட்டது. அதற்குப் பதிலாகத் தாழ்ந்த குரலில் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் வந்தது. நான் சோர்ந்துபோனேன். அண்ணன் ஹெட்போனை வாங்கிக் கேட்டார். அவர் முகம் மலர்ந்ததை என்னால் மறக்க முடியவில்லை. “டீச்சர், இது எனக்குக் கேக்குது” என்றார்.

டிரான்ஸ்ஃபார்மரைத் தனிக் கூட்டுக்கு மாற்றி, நீள ஒயரில் தள்ளி வைத்தார். தரையில் மண்டியிட்டு, “இப்ப எப்டி இருக்குதும்மா?” என்று கேட்டுக் கேட்டு அதை விரல் விரலாகத் திருப்புவார். ஹெட்போனோடு கலைவாணி, “இன்னும் கொஞ்சம். இன்னும். தாண்டிட்டீங்கண்ணே, திரும்ப வாங்க. அங்கியே வைங்க” என்பாள். வைத்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். முனகல் அடங்கியது. அன்று காலை மூன்று பாடங்கள் பதிவு செய்தோம்.

பிற்பகல் இரண்டு மணிக்கு அது திரும்பி வந்தது. மறுநாளும் அப்படித்தான்; காலையில் சுத்தம், பிற்பகலில் முனகல். கண்டென்சரை மாற்றினார், ஒயரை மாற்றினார், மறுபடி முதலிலிருந்து பற்றவைத்தார். இரண்டு வாரம் போனது. கலைவாணியின் தேர்வுக்கு இருபது நாளே இருந்தது. பாதிப் பாடம் பதிவாகவில்லை. நான் பள்ளிக்கு விடுப்பு மேல் விடுப்பாகப் போட்டுவிட்டு இங்கே காத்துக் கிடந்தேன். இதெல்லாம் சாக்கு. நான் சொன்னது இதுதான்:

“காதே கேக்காதவர நம்பி உக்காந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.”

கலைவாணி என் பக்கம் திரும்பினாள். அப்போது கணினியில் சோதனைப் பதிவு ஓடிக்கொண்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். அந்தக் கோப்பில் என் குரல் தெளிவாக இருக்கிறது. அதற்குப் பிறகு குறடும் ஸ்குரூடிரைவரும் ஒவ்வொன்றாகப் பைக்குள் விழும் சத்தம். அண்ணன் கதவைச் சத்தமில்லாமல்தான் சாத்திவிட்டுப் போனார்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாள் வழக்கமான நேரத்துக்கு வந்தார். கையில், தறியில் பூ விழுவதற்காகக் கோக்கும் துளை அட்டை ஒன்று. அக்காளின் தறியில் கிழிந்து கழித்தது. அதன் ஓரத்தில் பென்சிலால் முந்தைய நாள் முழுக்க அரை மணிக்கு ஒருமுறை வீட்டு மின்சாரத்தை மீட்டரில் அளந்து எழுதியிருந்தார். காலையில் இருநூற்றிருபது. பிற்பகல் இரண்டு மணிக்கு நூற்றெண்பத்தைந்து.

“ஊரே ஏசி போடுது டீச்சர், கரன்ட் படுத்துடுது. வெளிய பன்னெண்டு வோல்ட் குடுக்கணும்னா ரெகுலேட்டருக்கு உள்ள அதவிட மேல நிக்கணும். மதியம் நிக்கல. நான் காலையிலியே அளந்துக்கினு இருந்தேன், அதான் தெரியல. தப்பு என்னுதுதான்.”

தப்பு என்னுடையதுதான் என்று அவர் சொன்னபோது நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். டீ வேண்டுமா என்று கேட்டேன். மூன்று ஆண்டுகளில் எத்தனையோ நாள் இருந்தது. அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை என்பதால் மறந்துவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்து, வெளிச்சுற்றில் இன்னும் சில சுற்றுகள் கம்பி ஏற்றினார். அதனால் கரன்ட் உயர்ந்து நிற்கும் காலை வேளையில் ரெகுலேட்டர் கையை வைக்க முடியாமல் சுட்டது. அதற்கு உள்ளங்கை அகல அலுமினியத் தகடுகளைப் பொருத்தினார். சித்திரை வெயிலில், மீட்டர் நூற்றெண்பதைக் காட்டிய ஒரு பிற்பகலில், கலைவாணி ஹெட்போனை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கேட்டாள்.

“ஒண்ணுமே இல்லண்ணே.”

“நல்லாக் கேளும்மா.”

“நீங்க மூச்சு விடறது கேக்குது. வேற ஒண்ணுமே இல்ல.”

அவர் தரையிலேயே உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பதினாறு நாளில் மீதிப் பாடம் முழுவதையும் பதிவு செய்தோம். கலைவாணி தேர்ச்சி பெற்றாள். இப்போது வேலூரில் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறாள்.

அந்த வியாழக்கிழமை மாலையே அவள் பஸ் பிடித்து வந்துவிட்டாள். அண்ணனைக் கூடத்தில் குளிர்பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். நான் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். கண்ணாடியைத் தொட்டவள் அப்படியே நின்றாள். பெட்டியின் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது.

“அக்கா,” என்று லோகநாயகி அக்காளிடம் கேட்டாள், “இத ஒரு நிமிஷம் நிறுத்தலாமா? இந்தச் சத்தத்துல அண்ணன் இருக்கறாப்ல எனக்குத் தெரியல.”

உறவினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா எழுந்துபோய்ச் சுவிட்சை அணைத்தார். அழுதவர்களும் அடங்கிப்போனார்கள். கூடத்தில் மூச்சுச் சத்தம் மட்டும் இருந்தது. கலைவாணி குனிந்து, கண்ணாடியில் கன்னம் படக் காதை வைத்தாள். கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஒரு நிமிடம் கழித்து நிமிர்ந்து, “போட்டுடுங்கக்கா” என்றாள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று இந்த ஒரு மாதமாக யோசிக்கிறேன். போன வாரம் ஏழாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, தலைக்கு மேல் டியூப் லைட் ரீங்காரமிடுகிறது, பாடம் காதில் விழவில்லை என்றாள். வகுப்பு சிரித்தது. நான் அவள் இடத்துக்குப் போய் நின்று கேட்டேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. முன்பு என்றால், “ஒண்ணும் இல்ல, உக்காரு” என்றிருப்பேன். விளக்கை அணைத்துவிட்டு, “இப்ப எப்டி இருக்குதும்மா?” என்று கேட்டேன். நின்றுவிட்டது என்றாள். வார்த்தையும் சரி, அதைச் சொன்ன விதமும் சரி, என்னுடையவை அல்ல என்று அப்போதுதான் உறைத்தது. கரும்பலகைக்குத் திரும்பி வந்தேன். அன்று பாடத்தைத் தொடர என்னால் முடியவில்லை.