வெள்ளையில் மறைந்த வரி

இரண்டு வருடங்களுக்கு முன், சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு முற்பகலில், இலுப்பூர் கடைவீதியில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடையில் நடந்தது இது. ஜெராக்ஸ் கடை என்பது போர்டில்தான். காதணி விழா அழைப்பிதழில் தொடங்கி கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி வரை மனித வாழ்வின் எல்லாக் கட்டங்களும் என் பிரிண்டர் வழியாகத்தான் போகும். இவற்றோடு, பக்கத்தில் உள்ள எங்கள் கிராமத்தின் இணையதளமும் என் தலையில் விழுந்திருந்தது.

துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் ஊர்க்காரர்கள் ஏற்பாடு செய்த தளம் அது. கட்டம் கட்டமாக இழுத்துப் போட்டு, எழுத்தைத் தட்டி, நிறம் பூசினால் பக்கம் தயார். கம்ப்யூட்டர் ஞானமே தேவையில்லை என்றார்கள். ஞானமே இல்லாத ஆள் யார் என்று தேடி என்னைக் கண்டுபிடித்தார்கள்.

கோடையில் எங்கள் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று துண்டை வீசினால் போதும், வலையும் கூடையுமாகச் சனம் மொத்தமும் தண்ணீருக்குள் இருக்கும். பிடித்த மீனை யாரும் விற்பதில்லை. அன்று சுற்றுவட்டாரத்தில் எல்லா வீட்டிலும் மீன் குழம்பு. முந்திய வருடம் யாரோ வாட்ஸப்பில் தேதியை மாற்றிப் போட்டுவிட, வெளியூர்ச் சனம் வந்து ஏமாந்து பெரிய ரகளையாகிவிட்டது. அதிலிருந்து, இணையதளத்தில் இருப்பதுதான் செல்லும் என்று விழாக் கமிட்டி முடிவு செய்திருந்தது.

தளத்தில் போடும் திருவிழா அறிவிப்பில் ஒரு வரி உண்டு. 'எல்லாத் தெருவினரும் ஒரே நேரத்தில் இறங்கலாம். யாருக்கும் தடை இல்லை.' வெளியூர்க்காரருக்கு இது சாதாரண வரி. கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் குடியிருப்புக்காரர்களுக்கு அப்படி இல்லை. முன்பெல்லாம் ஊர் இறங்கி ஏறிய பிறகுதான் அவர்கள் இறங்க முடியும். கலங்கிய சேற்றில் மிச்சத்தைத் தடவ வேண்டும். தாலுகா ஆபீஸில் பேச்சுவார்த்தை நடந்து, கொஞ்ச வருடங்களாகத்தான் துண்டு வீசியதும் அவர்களும் சேர்ந்து இறங்குகிறார்கள்.

அன்று அந்தக் குடியிருப்பிலிருந்து ஒரு பெண்மணி ஆதார் நகல் எடுக்க வந்தார். மகளிர் குழுத் தலைவி. பேங்க் மேனேஜரே அவரைக் கண்டால் எழுந்து நிற்பார். நகலை வாங்கி மடித்துக்கொண்டே கேட்டார்.

"ஏண்ணே, இந்த வருசம் நாங்க பழையபடி கடைசியா எறங்கணுமாமே?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அதான் கேக்குறேன்." போனை என் முன் நீட்டினார். இணையதளப் பக்கத்தில் தேதி இருந்தது, நேரம் இருந்தது, கமிட்டியார் படங்கள் பல்வரிசையோடு இருந்தன. அந்த வரி இருக்க வேண்டிய இடம் வெறிச்சென்று கிடந்தது.

"எங்க ஆளுக ரெண்டு நாளா இதத்தான் பேசுறாக. எடுத்துட்டாகன்னா மொகத்துக்கு நேரா சொல்லச் சொல்லுங்கண்ணே. நாங்களும் என்ன செய்யணுமோ செய்வோம்."

நான் எடுக்கவில்லை. கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்து, வரியை மறுபடி தட்டலாம் என்று காலி இடத்தில் மவுஸை இழுத்தேன். நீலப் பட்டைக்குள் வெள்ளை எழுத்துகள் எழும்பி வந்தன. 'எல்லாத் தெருவினரும்...' வரி அங்கேயேதான் இருந்தது. வெள்ளைத் தரையில், வெள்ளை எழுத்தில்.

நடந்தது இதுதான். முந்திய வருடம் அந்த வரி, நிறைந்த கண்மாயின் படத்துக்கு மேல் வெள்ளை எழுத்தில் இருந்தது. அந்த வருடம் படத்தின் மேல் எழுத்து வேண்டாம் என்று கமிட்டி சொன்னதால், அப்படியே இழுத்துக் கீழே வெள்ளைப் பகுதியில் போட்டேன். நிறமும் கூடவே வந்துவிட்டது. போட்ட கையோடு பார்த்திருக்கலாம், டீ வந்துவிட்டது.

நல்ல செய்தி என்று நினைத்துக் கமிட்டிச் செயலாளருக்குப் போன் போட்டேன். முறைக்கு எனக்கு மாமா. விவரத்தைச் சொன்னேன்.

"வரி இருக்குல்ல மாப்ளே?"

"இருக்கு மாமா. தெரியலை, அவ்வளவுதான். சரி பண்ணிடுறேன்."

"ஏன் பண்ணணும்? இருக்கு. யாராச்சும் கேட்டா இருக்குன்னு காட்டு. நாமளா எடுத்தோம்? அதுவா ஒதுங்கிக்கிருச்சு. விடு."

இவ்வளவு நேர்த்தியான வாதத்தை நான் எந்தச் சட்டப் புத்தகத்திலும் படித்ததில்லை. யாரும் தடுக்கவில்லை, யாரும் நீக்கவில்லை, ஒரு தெரு மட்டும் தானாகக் கரையிலேயே நின்றுவிடும்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் வீரன் அல்ல. ஊர்க் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, எந்தத் தீர்மானமானாலும் பாதிக் கை தூக்குகிறவன். கமிட்டியின் நோட்டீஸ் வேலை எல்லாம் என் கடைக்குத்தான் வரும். ஆனால் அந்தப் பெண்மணி பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது வேறு. ஜெராக்ஸ் கடைக்காரனுக்குக் கை எப்போதும் ஓய்வாக இருக்காது; ஸ்பீக்கரில் பேசியே பழக்கம்.

"கேட்டுச்சுண்ணே," என்றார் அவர், சாந்தமாக.

போனை வைத்துவிட்டு வேலையில் இறங்கினேன். பக்கம் முழுவதற்குமான எழுத்து நிறத்தைக் கறுப்பாக்கினேன். ஏற்கெனவே கறுப்பாக இருந்ததெல்லாம் இன்னும் கறுப்பான மாதிரி இருந்தது; அந்த வரி அசையவில்லை. அந்தக் கட்டத்தின் நிறத்தை மாற்றினேன். தலைப்பு மாறியது, தேதி மாறியது, வரி மாறவில்லை. கடுப்பில் அதன் பின்னால் கறுப்புப் பட்டை வைத்தேன். மீன்பிடித் திருவிழா கண்ணீர் அஞ்சலியாகிவிட்டது.

"யாரு செத்தா?" என்றார் பெண்மணி.

உதவிப் பக்கங்களைத் துழாவியபோதுதான் புரிந்தது. பக்கத்துக்கு ஒரு நிறம், கட்டத்துக்கு ஒரு நிறம், எழுத்தின் மேலேயே ஒட்டிக்கொண்ட நிறம் ஒன்று. மூன்றும் மோதினால் எழுத்தோடு ஒட்டியதுதான் ஜெயிக்கும். மேலே எத்தனை உத்தரவு போட்டாலும் அதன் காதில் ஏறாது. அதைத் தனியாகப் பிடித்துத் துடைக்க வேண்டும். அதற்கென்று ஒரு பொத்தானும் இருந்தது.

அதற்குள் வாசலில் மாமாவின் வண்டி வந்து நின்றது. உள்ளே வந்தவர் பெண்மணியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். பிறகு என் காதருகே குனிந்து, அவருக்கு நன்றாகக் கேட்கும்படி ரகசியம் பேசினார்.

"பெரிய ஆளுக மனசு கோணக் கூடாது மாப்ளே. சரி, போடணும்னா போடு. கொஞ்சம் சாம்பல் கலர்ல போடேன். படிச்சாத் தெரியணும், பாத்தாத் தெரியக் கூடாது."

"அப்படி ஒரு கலர் இதுல இல்ல மாமா."

"நோட்டீஸ் வேலையெல்லாம் ஒனக்குத்தான் வருது. அத மனசுல வச்சுக்க."

வைத்துக்கொண்டேன். ஐம்பது வயதில் முதல்முறையாக எதிர்த்துப் பேசினால் குரல் எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது; கொஞ்சம் கீச்சென்றுதான் வந்தது.

"எடுக்கணும்னா எடுன்னு சொல்லுங்க மாமா. இவங்க முன்னாடி, வாயத் தொறந்து சொல்லுங்க. இப்பவே எடுத்துடுறேன்."

மாமா என்னைப் பார்த்தார். பெண்மணியைப் பார்த்தார். லேமினேஷன் மிஷினைக்கூடப் பார்த்தார். சொல்லவில்லை.

வரியைப் பிடித்து, அந்தப் பொத்தானை அழுத்தினேன். ஒட்டியிருந்த வெள்ளை உதிர்ந்தது. கறுப்புப் பட்டையையும் நீக்கினேன். கை நிற்கவில்லை, எழுத்தைத் தேதியைவிடப் பெரிதாக்கி, கமிட்டியார் படங்களுக்கு மேலே ஏற்றினேன். வெளியிடு என்பதையும் அழுத்திவிட்டேன்.

பெண்மணி தன் போனில் பக்கத்தைப் புதுப்பித்தார். "வந்துருச்சுண்ணே. எங்க ஆத்தாவே கண்ணாடி இல்லாமப் படிச்சிரும்." மாமாவிடம் திரும்பி, "வாரேங்க, கண்மாயில பாப்போம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

திருவிழா அன்று அந்தக் குடியிருப்பு மொத்தமும் விடியும்போதே கரைக்கு வந்துவிட்டது. துண்டு பறந்தது. யார் எந்தத் தெரு என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி எல்லாரும் சேற்று நிறத்தில் இருந்தோம். அந்தப் பெண்மணி கூடையைப் போட்டு, கை நீளத்துக்கு ஒரு விராலை அமுக்கினார். நான் ஒரு செருப்பைப் பிடித்தேன், அதுவும் என்னுடையதுதான்.

நோட்டீஸ் வேலை அதன் பிறகு என் கடைக்கு வரவில்லை. தளம் மட்டும் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, வேறு யாரும் சும்மா செய்யத் தயாராக இல்லை. ஒவ்வொரு கோடையிலும் அந்த வரியை முதலில் போட்டுவிட்டுத்தான் தேதியைப் போடுகிறேன். அதை எடுக்க வேண்டும் என்றால் யாராவது என் கடைக்கு வந்து, நாலு பேர் காதில் விழ, 'எடு' என்று சொல்லியாக வேண்டும். அந்த ஒற்றைச் சொல்லுக்கு எங்கள் ஊரில் இன்னும் ஆள் கிடைக்கவில்லை என்பதுதான், பாதிக் கை தூக்கியே பாதி வாழ்க்கையை ஓட்டிய எனக்கு, இன்றும் முழுத் தெம்பாக இருக்கிறது.