சிஸ்டர் வாசிச்ச கடிதம்

கட்டைபறிச்சான் ஊரில நடந்த கலியாணத்தில கறிக்கு உப்பில்லை, அதை விடும் ராணி, பிறகு நடந்ததைக் கேளும். பேத்தியையும் இழுத்துக்கொண்டு போனனான். அண்டைக்கு அவளுக்குக் கணக்குச் சோதினை. திரும்ப எழுத விடாட்டி வகுப்பேத்த மாட்டினமாம்.

எனக்கு எழுதத் தெரியாதே. "காய்ச்சல் எண்டு எழுது பிள்ளை" எண்டு சொல்லி, அவள் எழுதின கடிதத்தை நேத்துப் பள்ளிக்கூடத்தில சிஸ்டரிட்ட நானே நீட்டினன். சிஸ்டர் சத்தமா வாசிச்சா.

"எனக்குக் காய்ச்சல் இல்லை. அம்மம்மாவுடன் கலியாணத்துக்குப் போனேன். காய்ச்சல் என்று எழுதச் சொன்னா. எழுதினால் அந்தப் பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் நான்தானே சொல்லவேண்டும்."

நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டன். சிஸ்டர் சிரிச்சிட்டா.

"பிள்ளை நாளைக்குச் சோதினை எழுதட்டும். பாவசங்கீர்த்தனத்துக்கு நீங்கள் வாங்கோ அம்மா."

காட்டிக்குடுத்தவளில கோவம் வரவேணும் ராணி, எனக்கெண்டா பெருமைதான் வருது. இப்ப சோதினை எழுதிக்கொண்டிருப்பாள், எனக்கு ஒரு இடத்தில இருக்க ஏலாமக் கிடக்கு. பொறும், குசினியில சோறு பொங்கி வழியுது.