வேலிக்கு மேலால் கொட்டிய சருகு

எங்கள் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒரு தகர வேலி. அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, என் கணவரின் அண்ணன் மனைவி. காணியைப் பிரித்தபோது பலாமரம் அவர்கள் பக்கம் போனது. அதன் சருகு எங்கள் பக்கம் வந்தது. மடவளையிலிருந்து ஆட்டுக்கு இலை வெட்ட வருகிறவர் பச்சை இலையை மட்டும் கட்டிக்கொண்டு போவார். காய்ந்ததெல்லாம் எனக்கு.

பன்னிரண்டு வருடம் நான் அதைக் கூட்டி, கூடையில் அள்ளி, வேலிக்கு மேலால் அவள் முற்றத்தில் கொட்டினேன். காலையில் பல் விளக்குவது மாதிரி அதுவும் ஒரு வழக்கம்.

"மரம் என்ன எங்களக் கேட்டா கொட்டுது?" என்பாள்.

"அத மரத்துக்கிட்டயே கேளுங்க" என்பேன்.

அவள் அதைக் கொளுத்துவாள். புகை நேராக என் கொடியில் காயும் துணிக்கு வரும். காற்றுப் பார்த்துத்தான் கொளுத்துகிறாள் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

பிறகு உரம் கிடைக்காமல் போன வருடம் வந்தது. எங்கள் வீடு மலையை வெட்டிச் சமப்படுத்திய இடம். மேல்மண் எல்லாம் லொறியில் போய்விட்டது, மிச்சம் வெறும் சிவப்புக் களி. கத்தரி முழங்காலைத் தாண்டாது. பேஷன் ஃப்ரூட் கொடி பூக்கும், காய்க்காது. பிலிமத்தலாவையில் கன்று விற்றவர், "மண்ணே இல்லாத எடத்துல உரத்தப் போட்டு என்னங்க செய்யிறது? சருகப் போடுங்க" என்றார். கோபம் வந்தது. ஆனாலும் கேட்டேன்.

கோழி வலையை வட்டமாகக் கட்டி, சருகைப் போட்டு மிதித்து, சாணத்தைக் கரைத்து ஊற்றினேன். பலா இலை தடிப்பு, லேசில் மக்காது. மாதம் ஒருதரம் கிளறினேன். ஒரு வருடத்தில் அடியில் கறுத்து, கையில் எடுத்தால் உதிர்ந்தது. என் பிள்ளைகளிடம்கூட நான் இவ்வளவு பொறுமை காட்டியதில்லை. அடுத்த கிழமை கத்தரிக்கும் கொடிக்கும் போடலாம் என்றிருந்தேன்.

அதற்குள் டெங்கு பார்க்க சுகாதாரப் பரிசோதகர் வந்தார். கம்பால் வலைக்குள் குத்திப் பார்த்தார். மேலே சுருண்டு கிடந்த இலைகளில் மழைத் தண்ணீர் நின்றது. "மேல உள்ளதக் கவுத்துட்டு மூடி வைங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அந்த நேரம் பார்த்து வேலிக்கு மேலே அவள் தலை தெரிந்தது. இவள்தான் போட்டுக் கொடுத்திருக்கிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் படி இறங்கியதும் கூடையை எடுத்தேன்.

"இந்தாங்க, ஒங்க மரத்துக் குப்ப ஒங்களுக்கே!"

மேலே கிடந்த சருகு போனது. அடுத்துக் கறுப்பு மண் வந்தது. அப்போதும் கை நிற்கவில்லை. பன்னிரண்டு வருடப் பழக்கம், கை தானாக அள்ளியது, தானாகக் கொட்டியது. கடைசிக் கூடைக்குப் பிறகுதான் வெறும் வலையைப் பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம், ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிறவள் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

பின்னேரம் கணவர் வந்து, ரோட்டில் எல்லா வீட்டுக்கும் பரிசோதகர் போனாராம், முதலில் ஏச்சு வாங்கியது அண்ணன் வீடுதானாம் என்றார். போய் மண்ணைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். அவளிடம் கேட்பதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். தகர ஓட்டையால் பார்த்தேன். வேலியோரம் முழுக்க மண்ணைப் பரப்பி, கத்தரிக் கன்று நட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதம் கழித்து வேலிக்கு மேலால் ஒரு பை நீண்டது.

"இந்தாங்க தங்கச்சி. ஒங்க கூடையில வந்ததுதான்."

உள்ளே என் கையைவிட நீளமான ஐந்து கத்தரிக்காய்.

"இனிக் கொட்டுறதுன்னா சொல்லிட்டுக் கொட்டுங்க. கன்னு மேல விழுந்துறக் கூடாது" என்று சிரித்தாள்.

பையை வாங்கிக்கொண்டேன். வாங்காமல் விட்டால் அதற்கும் சிரிப்பாள். பகலுக்குக் கறி வைத்தேன். கணவர் இரண்டாம் தரம் போட்டுக்கொண்டு, "நம்ம மண்ணுல காய்ச்சதா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன். அது பொய்யில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.