கமலவேணியின் தண்ணீர்க் குடம்

"புடிங்க சாமி, கை நோவுது!" என்று கமலவேணி இரண்டு கைகளையும் நீட்டுகிறாள். கைகளில் ஒன்றுமில்லை. ஆனாலும் அங்கே குடம் இருக்கிறது. அதில் கழுத்துவரை தண்ணீரும் இருக்கிறது. வாங்குபவர் அந்தக் கனத்துக்கு முதுகை வளைக்க வேண்டும். அலட்சியமாக வாங்கினால், "போச்சு, அத்தனையும் கொட்டிட்டீங்க. மறுக்காக் கெணத்துக்குப் போங்க" என்று முதலிலிருந்து தொடங்கிவிடுவாள்.

ராசிபுரத்துக் கமலவேணி ஸ்பெஷல் நாடகங்களில் நாயகி வேஷம் போடும் ஸ்திரீபார்ட். ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது, வசனப் புத்தகமும் கிடையாது. நாயகனான ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், இவள் ஓர் ஊரிலிருந்து வருவாள். அன்று சாயங்காலந்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கதையும் பாட்டும் இருவருக்கும் தெரியும். பேச்சு மட்டும் மேடையில் அப்போதைக்கப்போது பிறக்க வேண்டும். அதற்காகத்தான் அரிதாரம் பூசுமுன் இந்தக் கால்மணி நேர விளையாட்டு. குடம் முடிந்தால் அடுத்த விளையாட்டு "ஆமாங்க". இவள் எந்தப் புளுகைச் சொன்னாலும் எதிரே இருப்பவர் "ஆமாங்க" என்று ஒப்புக்கொண்டு, தம் பங்குக்கு ஒரு புளுகைச் சேர்க்க வேண்டும். இல்லை என்றவர் தோற்றார். மீசை முறுக்கும் ராஜபார்ட்டுகள் பலர் இவளிடம் தோற்று அசடு வழிந்திருக்கிறார்கள்.

நாமகிரிப்பேட்டைத் திருவிழாவுக்கு வந்த கந்தவேல் மட்டும் குடத்தை வாங்கவில்லை. பன்னிரண்டு வருஷம் ஒரே நாடகக் கம்பெனியில், எழுதிக்கொடுத்த வசனத்தைப் பேசி அரசனாக நின்றவர். கம்பெனி கலைந்துபோய், இது அவருக்கு முதல் ஸ்பெஷல். இதில் பெயர் கெட்டால் அடுத்த ஊர் கூப்பிடாது. "இந்தப் புள்ளைங்க வெளையாட்டெல்லாம் எனக்கெதுக்குங்க?" என்று விறைப்பாகச் சொன்னார். ஆனால் மடிமேலிருந்த விரல்கள் வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டேயிருந்தன. கமலவேணி யாருடைய வாயையும் நம்புவதில்லை, விரல்களைத்தான் பார்ப்பாள். சரியென்று சிரித்துவிட்டுப் போனாள்.

மேடையில் தோட்டத்துக் காட்சி. தாகத்தோடு வந்த அரசனிடம், "எவ்வளவு தண்ணீர் வேண்டும்?" என்று கேட்டாள். கம்பெனி நாடகத்தில் இந்த இடத்தில் நாயகி படைபலத்தைக் கேட்பாள் போலிருக்கிறது. கந்தவேல் பழைய மனப்பாடத்தில், "ஆயிரம் யானைகள், பதினாயிரம் குதிரைகள்!" என்று முழங்கினார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. முன்வரிசையில் ஒருவன் சீட்டியடித்தான். அந்த நேரத்தில் ஒரு கேலிச் சொல் போதும், கந்தவேலைக் கவிழ்த்துக் கைதட்டல் வாங்கிவிடலாம். வேறொருத்தியாயிருந்தால் வாங்கியிருப்பாள். கமலவேணியை எனக்கு மிகவும் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

"ஆமாங்க, அத்தனைக்கும் சேத்துத்தான் மொண்டாந்திருக்கறன்" என்றாள் கொஞ்சங்கூடச் சிரிக்காமல். வெறுங்கைகளை நீட்டினாள். "மொதல்ல நீங்க குடிங்க. புடிங்க சாமி, கை நோவுது!"

கந்தவேல் ஒரு கணம் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு முதுகு வளைய வாங்கினார். "ஆமாம் பெண்ணே, ஆனால் பட்டத்து யானைக்கு முன்னால் நான் குடித்தால் அது கோபித்துக்கொள்ளுமே!" என்றார். இந்தத் தடவை கூட்டம் அவரோடு சேர்ந்து சிரித்தது. அதற்கப்புறம் இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் ஏந்தி, அரைமணி நேரம் நாயகன் நாயகி தர்க்கத்தை ஓட்டினார்கள்.

காட்சி முடிந்து படுதா விழுந்தது. பக்கவாட்டில் சேலை மாற்றப் போய்க்கொண்டிருந்தவள் முன்னால் கந்தவேல் வந்து நின்றார். வெறுங்கைகள் இரண்டையும் நீட்டினார்.

கமலவேணி குடத்தை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மற்றக் கையால் சேலைக் கரையைச் சற்றே தூக்கிப் பிடித்து, அவர் கொண்டுவரும்போது சிந்திய இடத்தை நனையாமல் தாண்டிப் போனாள்.