மாவுக்குள் வந்த மண்வண்டு

அந்த வண்டின் நீர் விரலில் பட்டால் அயடீன் போன்ற ஒரு கார மணம் ஏறும். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் பின்னேரம் வரைக்கும் போகாது, தொட்ட இடத்தில் தோல் பழுப்பாகி நிற்கும். உக்கிய பனங்குற்றியைப் புரட்டியதும் விரைந்து ஓடத் தெரியாமல், பின்புறத்தை மட்டும் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும் அந்தக் கறுப்பு வண்டுகளை நானும் றெஜினாவும் பிடித்துச் சேர்த்தது எழுபதுகளின் நடுப்பகுதியில், அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடாக இருந்த காலத்தில். எங்கள் இருவருக்கும் பன்னிரண்டு வயது.

வேலணைத் தீவின் கரையோரத்துச் சிற்றூர் எங்களுடையது. உட்பக்கத்தில் தோட்டமும் வயலும் செய்கிற எங்களைப் போன்ற சைவக் குடும்பங்கள், கரையோரத்தில் கடற்றொழில் செய்கிற கத்தோலிக்கக் குடும்பங்கள், இரண்டுக்கும் பொதுவாக ஒரு கூட்டுறவுச் சங்கக்கடை. றெஜினாவின் தகப்பன் சூசைப்பிள்ளை அந்தக் கடையின் "மனேச்சர்". கடலுக்குப் போகாதவர் என்றாலும், வலைகளும் மீன் பிடிக்கிற பறிகளும் வைக்கிற வாடி, கிடுகு வேய்ந்த கொட்டில் ஒன்று தமையனோடு பங்காக அவருக்குக் கடற்கரையில் இருந்தது. எங்களுக்கு வெறும் நெருப்புப்பெட்டிகளைச் சேர்த்துத் தந்தவர் அவர்தான். கடைப் பட்டியல்களின் சின்ன எழுத்தை வாசிக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியையும் ஒருநாள் மேசை லாச்சியிலிருந்து எடுத்து, "விழுத்திப் போடாதையும் பிள்ளை, வேறை இல்லை" என்று சொல்லி என் கையில் தந்தார்.

வீடுகளில் எல்லாவற்றுக்கும் "வண்டு" என்ற ஒரே சொல்தான் இருந்தது. மாவில் "வண்டு பிடிச்சிட்டுது" என்றால் அரித்துவிட்டுச் சமைப்பார்கள். "மாவைத் தின்னுறது ஒண்டு, தின்னாதது ஒண்டு, உலகத்திலை ரெண்டு வண்டுதான்" என்பது என் அம்மாவின் முடிவு. எங்களிடம் ஐந்து இருந்தன. மாவுக்குள் எள்ளளவில் செம்பழுப்பாக ஓடுகிறது, கோழிக்கூட்டுக் குப்பையில் கறுப்பாக மினுங்குகிறது, கரையொதுங்கிய சாதாளைக் கடற்புல்லுக்குக் கீழே முட்டை வடிவத்தில் இருக்கிறது, பனங்குற்றிக்குள் விரல் நகத்தைவிடப் பெரிதான "கரியன்", பிறகு வாடிகளின் பக்கத்துக் காய்ந்த மணலில், முதுகில் மண்ணைப் பூசிக்கொண்டு கிடக்கிற "மண்வண்டு". மண்வண்டுக்குப் பறக்க ஏலாது. ஊசியால் கிளப்பிப் பார்த்தபோது முதுகின் ஓட்டு மூடிகள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன, கீழே சிறகென்று ஒன்றும் இல்லை.

முதலில் அவற்றை இடத்தை வைத்துப் பிரித்தோம். அது பிழை என்று றெஜினாதான் சொன்னாள். கோழிக்கூட்டு வண்டு கொப்பறாச் சாக்கிலும் கிடந்ததை அவள் கண்டிருந்தாள். நிறத்தை வைத்துப் பிரித்தால், கூட்டுப்புழுக் கோதை விட்டு அப்போதுதான் வந்த கரியன் செம்மையாக இருந்து இரண்டு நாளில் கறுத்தது. அவளுக்கு என்னைவிடக் கண் கூர்மை, பொறுமையும் அதிகம். கடைசியில் பள்ளிக்கூட விஞ்ஞான அறையில் மட்டை கழன்றுபோன ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் எங்கள் வண்டுகளைப் போன்ற படங்களை ஒரே பக்கத்தில் கண்டோம். அகராதியை வைத்துக்கொண்டு சொல் சொல்லாக வாசித்ததில், இருளை விரும்பும் வண்டுகளின் குடும்பம் அது என்பதும், ஆயிரக்கணக்கான இனங்கள் அதற்குள் அடங்கும் என்பதும், மணி கோத்தது போன்ற உணர்கொம்பு ஓர் அடையாளம் என்பதும், முன்காலிலும் நடுக்காலிலும் பாதத்தில் ஐந்து கணு, பின்காலில் மட்டும் நாலு என்பதும் விளங்கின. அன்று முழுக்கப் பூதக்கண்ணாடியைப் பிடித்துக் கால் கணுக்களை எண்ணினோம். ஐந்து பெட்டியிலும் பின்காலுக்கு நாலுதான். மாவில் ஓடுகிற எள்ளளவு வண்டும் பனங்குற்றிக் கரியனும் சொந்தம் என்று கேட்டு அம்மா சிரித்தா. சூசைப்பிள்ளை மட்டும் கண்ணாடியை வாங்கித் தானும் ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

அந்த மாரியின் தொடக்கத்தில் மழை விடாமல் பெய்தது. சங்கக்கடையின் ஓட்டுக்கூரை ஒழுகுவது ஊருக்கே தெரியும். மா வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு ஒரு சனிக்கிழமை காலை கூப்பன் புத்தகத்தோடு நான் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர். றெஜினா உள்ளே வாங்குப் பலகையில் இருந்து கடதாசிப் பை ஒட்டிக்கொண்டிருந்தாள். சூசைப்பிள்ளை புதிய சாக்கொன்றைப் பிரித்துத் தராசுத் தட்டில் மாவைக் கொட்டியபோது அதற்குள்ளிருந்து ஒரு வண்டு மெதுவாக வெளியே வந்தது.

முன்னால் நின்ற செல்லம்மாக்கா, "உதென்ன, இவ்வளவு பெரிசு?" என்று கேட்டா.

"மாவெண்டால் வண்டு இருக்கும்தானே அக்கா. அரிச்சாச் சரி" என்றார் அவர்.

என்னிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்ததைப் பத்துப் பேர் முன்னால் சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்தது என்பதைத் தவிர வேறொன்றும் அப்போது என் மனதில் இருக்கவில்லை. "இது மாவண்டு இல்லை. மண்வண்டு. மணலிலைதான் இருக்கும், இதுக்குப் பறக்க ஏலாது" என்றேன்.

எனக்குப் பின்னால் நின்ற கதிர்காமர் சங்கக் கமிட்டியில் இருந்தவர். "எந்த மணலிலை, பிள்ளை?" என்று கேட்டார்.

"கடற்கரையிலை. வாடியளுக்குப் பக்கத்திலை, நனையாத இடத்திலை."

சொல்லி முடிக்கும்போதுதான் றெஜினாவைப் பார்த்தேன். ஒட்டிக்கொண்டிருந்த பையை மடியில் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மண்வண்டு என்பது அவளுக்கு என்னிலும் முந்தித் தெரிந்திருக்கும்.

கதிர்காமர் முன்னால் வந்து சாக்கின் அடியைத் தூக்கித் தையலை விரலால் விரித்துப் பார்த்தார். வெள்ளை மணலும் சிப்பித் துகளும் உதிர்ந்தன. கடைக்குள் சீமெந்து நிலம். அதன் மேலும் பலகை போட்டுத்தான் மூட்டைகளை அடுக்குவார்கள். அவர் இன்னும் இருவரைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனார். சூசைப்பிள்ளையின் வாடியில், வலைகளுக்கும் கிடுகுகளுக்கும் பின்னால் மூன்று மா மூட்டைகள் இருந்தன.

கூரை ஒழுகியதால் நனையாமல் கொண்டுபோய் வைத்ததாக அவர் சொன்னார். நாலு மூட்டை கொண்டுபோனதாகவும், ஒன்றை அன்று காலை திருப்பிக் கொண்டுவந்ததாகவும், அதுதான் தராசில் கொட்டிய மா என்றும் சொன்னார். கமிட்டியில் ஒருவருக்கும் அவர் அறிவித்திருக்கவில்லை. பதுக்கல் என்ற சொல் அந்த நாட்களில் கொலை என்ற சொல்லுக்கு அடுத்ததாக இருந்தது. பொலிசுக்குப் போகாமல், வேலையிலிருந்து நிற்பாட்டுவதோடு முடித்தார்கள்.

எங்கள் வீட்டில் அதற்காக ஒரு சண்டை நடந்தது. தபால் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்த அப்பா, "பிள்ளை உள்ளதைத்தானே சொன்னது" என்றார். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னா: "கேட்டாச் சொல்லத்தான் வேணும். கேக்காமல் சொன்னா அதுக்குப் பேர் சாட்சி."

பூதக்கண்ணாடி என்னிடம்தான் இருந்தது. மூன்றாம் நாள் அதை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். சூசைப்பிள்ளை கதிரையில் இருந்து எழும்பி வந்து வாங்கி, தன் சாறத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்து, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். "மழை வரப்போகுது, வேளைக்கு வீட்டை போம்" என்றார். கோபம் குரலில் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். குசினிக்குள் றெஜினாவின் பாவாடை விளிம்பு தெரிந்தது. அவள் வெளியே வரவில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு முன்னரே அவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு மன்னார்ப் பக்கம் உறவினரிடம் போய்விட்டார்கள். புதிய மனேச்சர் வந்தார். வாடியில் வண்டுகளைத் தேட நான் பிறகு போகவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தபோது, அம்மாவோடு நயினாதீவுத் திருவிழாவுக்குப் போகக் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்திருந்தேன். நெடுந்தீவுப் படகிலிருந்து இடுப்பில் குழந்தையோடு இறங்கி வந்தவள் என் முன்னால் நின்று, "என்னைத் தெரியேல்லையோ?" என்று கேட்டாள். றெஜினா நெடுந்தீவில் கல்யாணம் செய்திருந்தாள். தகப்பனைப் பற்றிக் கேட்டேன்.

"அப்பா போன மாரியிலை தவறிப் போயிட்டார்."

பிறகு நான், "கூரை ஒழுகினது எல்லாருக்கும் தெரியும், றெஜினா" என்றேன்.

"ஓம். நனையாமல்தான் கொண்டு போனவர். நானும் ஒரு மூட்டைக்குக் கை குடுத்தனான்." குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "மழை விட்ட பிறகு திருப்பிக் கொண்டுபோக மனம் வரேல்லை. ரெண்டு கிழமை வைச்சுக்கொண்டு யோசிச்சவர். அண்டைக்குக் காலமைதான் கொண்டுபோய் வைப்பம் எண்டு முதலாவதைத் தூக்கினவர்."

"நான் பேசாமல் இருந்திருக்க வேணும்."

"என்னைக் கேட்டிருந்தால் நானும் மண்வண்டு எண்டுதான் சொல்லியிருப்பன்" என்றாள் அவள். "உன்னை ஒருத்தரும் கேக்கேல்லை." குற்றஞ்சாட்டுகிற தொனி அதில் இல்லை. யாழ்ப்பாணம் போகிற பஸ் புறப்படத் தயாராக இருந்ததால் அவள் போய்விட்டாள். அதன் பிறகு நான் அவளைக் காணவில்லை.

போன வருடம் ஊருக்குப் போனேன். சங்கக்கடை நின்ற காணியில் இப்போது கைப்பேசிக் கோபுரம் நிற்கிறது. வாடிகளின் வரிசை இல்லை. கடற்கரை வீடுகளில் பாதிக்குக் கூரை இல்லை, மீதிக்குப் பூட்டுகள். றெஜினா படகில் இந்தியாவுக்குப் போனதாக ஒருவரும், பிரான்சில் இருப்பதாக ஒருவரும் சொன்னார்கள். தகப்பனின் பெயரைச் சொன்னபோது, தேவாலயத்து மதிலடியில் இருந்த வயதானவர் ஒருவர் மட்டும் யோசித்துப் பார்த்தார்.

"சூசைப்பிள்ளை, சங்கக்கடை மனேச்சர். நல்ல மனிசன். என்னத்துக்கு ஊரை விட்டுப் போனவர் எண்டுதான் ஞாபகம் வரேல்லை."

சூசைப்பிள்ளை போன காரணம் ஞாபகமுள்ளவர்கள் என்னைத் தவிர ஊரில் இனி ஒருவரும் இல்லை என்று அப்போது விளங்கியது. அவரோடு இன்னும் சிறிது நேரம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்துவிட்டு வந்தேன்.