பங்கு விழுந்த வெள்ளிக்கிழமை

இன்று காலை ராயபுரத்தில் பங்கு விழுந்தது!

யாராலும் நம்ப முடியாத சரித்திரம் ஒன்றைச் சொல்லப் போகிறேன். நம்பாதவர்கள் லைக் மட்டும் போட்டுவிட்டுக் கலையலாம்.

உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் யாரோ தும்ம, கொரோனா என்றார்கள். அந்தத் தும்மலில் நாடு நாடாகப் பங்குச் சந்தை சளி பிடித்துப் படுத்தது.

அதனால் எனக்கென்ன என்கிறீர்களா? நான் மீன்பிடிக்கப் போகிற பைபர் படகுக்குப் புது எஞ்சின் வாங்க வைத்திருந்த காசு மொத்தமும் அங்கேதான் படுத்திருந்தது!

(என் மனைவி பிலோமினாவைப் பொறுத்தவரை அது பேங்கில் பத்திரமாக இருக்கிறது.)

சந்தை திறந்ததுமே தாஸ் போன் செய்தான். ஹார்பரில் கிளார்க். என்னை ஷேரில் இறக்கிவிட்ட மகான்.

"மாமு, பங்கு வியுந்துட்ச்சி! அதல பாதாளம்! வியுந்த வேகத்துல சந்தைய கொஞ்ச நேரம் மூடி வெச்சிகிறாங்க. தொறந்தவுடனே வித்துட்டு ஓடிடு!"

"இன்னாது! கொரோனாவால பங்கே வியுந்துட்ச்சா? மூடிட்டாங்களா?" என்று நான் கத்திய கத்தலில் எண்ணூர் வரை காக்காய் பறந்தது.

அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்த பிலோ காதிலும் விழுந்தது.

எங்கள் தெருவில் பங்கு என்றால் ஷேர் இல்லை. கோயில்! மாதா கோயிலைச் சேர்ந்த ஜனம் மொத்தத்துக்கும் பங்கு என்றுதான் பெயர். சாமியார் பங்குத்தந்தை.

"ஐயோ மாதாவே! பங்கே வியுந்துட்ச்சா! அப்ப சாமியாருக்கும் கொரோனாவா?"

என் போனைப் பிடுங்கினாள். (அவள் போனில் பேலன்ஸ் இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.) ஒவ்வொரு வீடாகக் கூப்பிட ஆரம்பித்தாள்.

"மே, போனக் குடு! தொறந்தவுடனே விக்கணும்!"

"இன்னாத்த விக்கப் போற? கோயிலையா? யோவ், பங்கே நோவுல படுத்துகினு கீது, நீ யாவாரம் பேசிகினு கீறியா?"

எதை விற்கணும் என்று எப்படிச் சொல்வேன்? போனைப் பிடிக்க அவள் பின்னாலேயே ஓடினேன்.

சற்று நேரத்தில் தெருவே செபமாலையோடு என் வாசலில் கூடிவிட்டது. அவர்கள் செபித்த வேகத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக் கிரேன்கள் மண்டியிட்டன. மணலி ஆலைகளில் புகையே நின்றுவிட்டது! (இதைத்தான் நீங்கள் கடைசி வரை நம்பப் போவதில்லை.)

சத்தம் கேட்டுப் பங்குத்தந்தையே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

"நான் படுத்துட்டேன்னு யாரும்மா சொன்னது? காலைப் பூசை வெச்சதே நான்தானே! ஓஹோ... உங்கள்ல ஒருத்தரும் பூசைக்கு வரலையா?"

மொத்தக் கூட்டமும் தலை குனிந்தது. அந்தக் கணத்தில் பாய்ந்து போனைப் பறித்தேன்.

சந்தை எப்போதோ திறந்திருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். சிவப்பெல்லாம் பச்சை! விழுந்த பங்கு விழுந்த வேகத்திலேயே மேலே ஏறியிருந்தது. எஞ்சின் பிழைத்தது!

"எயுந்துட்ச்சி!" என்று என்னை மறந்து கூவினேன்.

"சாமியாருதான் வியவே இல்லியே... அப்ப இன்னாய்யா எயுந்துச்சி?" என்றாள் பிலோ.

நல்லவேளை, தாஸ் கூப்பிட்டான். அழுகிற குரல்.

"மாமு, தொறந்தவுடனே வித்துட்டேன், போச்சு! நீ?"

"நானா? அசையவே இல்ல நைனா. மார்க்கெட்டுன்னா ஒரு நெஞ்சுரம் வோணும்."

சரி, மனசாட்சி உறுத்துகிறது. கிரேன் கப்சா. புகை கப்சா. சாமியார் வந்ததுகூட முக்கால்வாசி கப்சா. எஞ்சின் காசு போன இடம் என்கிற அந்தச் சின்ன விஷயம் மட்டும் சத்தியமாக உண்மை.

பிலோ இதைப் படித்துவிட்டால், அது ஒன்றுதான் கப்சா, மீதியெல்லாம் கண்ணால் பார்த்தோம் என்று கமெண்டில் அடித்துச் சொல்லுங்கள் மக்களே!