கூழுக்கு ஒரு பீர் மெஷின்

வெள்ளைக்காரர்கள் வீட்டிலேயே பீர் காய்ச்சிக்கொள்ள ஒரு மின்சார அண்டா விற்கிறது. அதை ஆடிக் கூழ் காய்ச்சுவதற்காக வாங்கினோம் என்று நான் சொன்னால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள், மீதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். வாங்கியது நானில்லை, என் வீட்டுக்காரர். பழியில் மட்டும் தெரு எனக்கும் சரிபாதி பிரித்துக் கொடுத்தது.

திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றுவது என் வேண்டுதல். என் வீட்டுக்காரர் எண்ணூர்ப் பக்கம் ஓர் அனல் மின் நிலையத்தில் வெகுகாலம் கான்ட்ராக்ட் ஆளாகவே இருந்தார். பர்மனென்ட் ஆனால் வருடா வருடம் எங்கள் வீட்டில் கூழ் காய்ச்சி ஊற்றுகிறேன் என்று ஆத்தாவிடம் சொல்லிவைத்தேன். ஆகிவிட்டார். அன்றிலிருந்து அவருக்குச் சம்பளம், எனக்குத் துடுப்பு.

கூழ் காய்ச்சுவதை யாரும் சமையல் என்று நினைத்துவிடக் கூடாது, அது கூலி வேலை. கரைத்துப் புளிக்க வைத்த கேழ்வரகு மாவை, வெந்துகொண்டிருக்கும் நொய்யில் ஊற்றிய கணத்திலிருந்து இறக்கும் வரை துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் கட்டி தட்டும், அடி பிடிக்கும். மூக்கு அரித்தால் அடுத்தவரைத்தான் சொறியச் சொல்ல வேண்டும்.

இந்த நிலையில் என் வலது தோள் மக்கர் செய்தது. சீப்பைத் தலைக்குக் கொண்டுபோக முடியவில்லை. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, தோள் உறைந்துவிட்டது, கனமாக எதையும் தூக்காதே, கிண்டாதே என்றார். சென்னை வெயிலில் என்னிடம் உறைந்தது அது ஒன்றுதான்.

செய்தி கேட்டதும் என் நாத்தனார் வந்துவிட்டார். என் வீட்டுக்காரருக்கு அக்கா, அடுத்த சந்தில் வீடு, எனக்கு அண்ணி. தோளைத் தொட்டுப் பார்த்து உச்சுக்கொட்டினார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"முடியலன்னா வுட்டுடு மே. இந்த வருசத்துலருந்து கூழை நான் என் வூட்ல வெச்சுக்கிறேன். எங்க அம்மா வூட்டுக் கூழுதானே?"

அது அவர் அம்மா வீட்டுக் கூழ் இல்லை, என் கூழ். ஒரு தடவை கூழ் அண்டா அடுத்த சந்துக்குப் போனால் திரும்பி வராது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அண்ணி இரவல் வாங்கிப் போன எந்தப் பாத்திரமும் இதுவரை வந்ததில்லை. அன்றிரவு சோறு போடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன், தோள் உயிர் போகிறது, ஆனால் கூழை விடமாட்டேன் என்று. அவர் சற்று நேரம் யோசித்தார். அவர் யோசித்தாலே எனக்குப் பயம்.

மறுநாளிலிருந்து வீட்டில் வீடியோ ஓட ஆரம்பித்தது. எல்லாவற்றிலும் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர், இடுப்பளவு உயரத்தில் ஒரு எவர்சில்வர் அண்டா. அடியில் ஹீட்டர், பக்கத்தில் பம்ப், மேலே போய் வளையும் ஒரு குழாய், முன்னால் ஒரு கன்ட்ரோலர். அடியில் இருப்பதைப் பம்ப் இழுத்துக் குழாய் வழியாக மேலே ஊற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வீடியோவும் தாடிக்காரர் நுரை தளும்ப ஒரு கிளாஸைத் தூக்கிக் காட்டுவதில் முடிந்தது. வீட்டுக்காரர் அந்தக் கட்டத்தை மட்டும் கொஞ்சம் அதிக கவனத்தோடு பார்த்ததாக எனக்குச் சந்தேகம்.

"கிண்டவே தேவையில்ல. பம்ப்பு பாத்துக்கும்" என்றார்.

"கூழை இன்னாயா பம்ப்பு பண்றது?"

"எங்க பிளான்ட்ல சாம்பலைத் தண்ணியில கரைச்சு எம்மாந்தூரம் பைப்புல தள்ளிகினு கீறோம். சாம்பலே போவுது, கூழு போவாதா?"

சாம்பல் சூடேறினால் கெட்டிப்படாது, கூழ் கெட்டிப்படும் என்ற பதில் மிகவும் சுலபமானது. ஆனால் பர்மனென்ட் ஆன ஆள் பிளான்ட் என்று ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் வாயை மூடிக்கொள்வது வழக்கம்.

எந்த அண்டா என்பது ஒரு வாரத்தில் முடிவாகிவிட்டது. எந்தக் கன்ட்ரோலர் என்பதில்தான் மாதக்கணக்கில் இழுத்தது. ஒன்றில் சாதாரணத் திருகு. இன்னொன்றில் தொடுதிரை, அலாரம், போனிலிருந்தே இயக்கும் வசதி. எனக்குத் திருகு போதும், இடது கையால் திருப்பிக்கொள்வேன், மாவுக் கையோடு திரையைத் தொட்டால் அதற்கு என்ன புரியப்போகிறது என்றேன். அவர் கேட்கவில்லை. சாதாரணக் கன்ட்ரோலர் சூடு ஏறின பிறகுதான் நிறுத்துமாம். இது ஏறும்போதே இன்னும் எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டி யோசிக்குமாம்.

"முன்கூட்டி யோசிக்கிறது ஒண்ணாவது இந்த வூட்டுக்கு வரட்டும்" என்றேன்.

உள்ளதைச் சொன்னால், அவர் மேல் எனக்குப் பரிதாபமும் வந்தது. வேலையில் அவர் உட்கார்ந்திருப்பது சுவர் முழுக்க மீட்டர்களும் விளக்குகளும் இருக்கும் ஓர் அறையில். அதில் எதைத் தொடுவதானாலும் ஷிஃப்ட் இன்ஜினியரைக் கேட்க வேண்டும். வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் இஷ்டத்துக்குத் தொட ஒரு கன்ட்ரோலர் கிடைக்கப்போகிறது. குழந்தைக்குப் பொம்மை வாங்கித் தர மறுத்த பாவம் எனக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் அண்ணி ஒரு நாள் வீட்டுக்குள் வந்தபோது சரியாகத் தாடிக்காரர் கிளாஸைத் தூக்கினார்.

"இன்னாடா இது?"

"கூழ் மெஷினுக்கா."

"அந்தாளு குடிக்கிறது கூழாடா? பீரு காச்சுற மெஷின்ல ஆத்தாளுக்குக் கூழா?"

வீட்டுக்காரர் சும்மா இருந்திருக்கலாம். விளக்கினார். வெள்ளைக்காரர்கள் ஊரில் தானியத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, காய்ச்சி, புளிக்க வைத்தால் பீர். நாம் தானியத்தைப் புளிக்க வைத்துக் காய்ச்சினால் கூழ். ரெண்டும் பங்காளிதான் அக்கா, வரிசைதான் வேற, என்றார். அண்ணி நெஞ்சில் கை வைத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ நானு இத்தினி வருசமா குடிச்சது பீராடா?"

அதற்கப்புறம் அந்த அம்மா எங்கள் தெருவில் தள்ளுவண்டிக் கூழைக்கூடச் சந்தேகமாகத்தான் பார்த்தார்.

எங்கள் தெருமுனையில் நின்றால் நாள் முழுக்கத் துறைமுகத்துக் கன்டெய்னர் லாரிகள்தான். உலகத்துச் சாமானெல்லாம் எங்கள் மூக்குக்கு முன்னால் போகிறது. எங்கள் மெஷின் பெட்டி மட்டும் பெங்களூரிலிருந்து வந்தது. வரும் வழியில் அந்த டிரெய்லர் வரிசைக்குப் பின்னாலேயே மாட்டிக்கொண்டு, கொண்டுவந்தவர் டோல்கேட்டிலிருந்து போன் மேல் போன் போட்டார். வந்த அன்று வெந்நீர் வைத்துப் பார்த்தோம். அருமையாகக் கொதித்தது, பம்ப் ஓடியது, நீர்வீழ்ச்சி போலக் கொட்டியது. குடும்பமே குளித்தது. கூழையும் ஒரு தடவை வைத்துப் பார்த்துவிடலாம் என்று வீட்டுக்காரர் சொன்னதுதான் தாமதம், அண்ணி எகிறினார்.

"ஆத்தாளுக்கு ட்ரையலாடா பாக்குற?"

இதில் நானும் அண்ணி பக்கம்தான். வேண்டுதல் கூழை ஒத்திகை பார்ப்பது தப்பு. ஆகவே அந்த மெஷினில் முதல் கூழ், ஆத்தாவின் கூழாகவே ஆனது.

ஞாயிறு ஊற்ற வேண்டுமென்றால் சனிக்கிழமை காய்ச்சி ஆறவிட வேண்டும். சனி மதியம் மெஷினைக் கூடத்தின் நடுவில் வைத்தோம். ஏசிக்குப் போட்ட பெரிய பிளக் பாயின்ட் அங்கேதான் இருந்தது. நொய் அழகாக வெந்தது. மெஷினில் ஒரே நேரத்தில் பாதிதான் பிடிக்கும் என்பதால் புளித்த மாவில் பாதியை ஊற்றினோம், மீதி டப்பில் இருந்தது. அவர் திரையைத் தொட்டார். குழாயிலிருந்து மாவு வளைந்து வளைந்து கொட்டியது. நான் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஓரிரு நிமிடம் என் கல்யாண வாழ்க்கையின் பொற்காலம்.

"பாத்தியா? கெத்தா போவுது பாரு!" என்றார்.

அப்போது பம்ப் இருமியது. மாவு வெந்து கூழாகிக் கொண்டிருந்தது. பம்ப் இன்னொரு தடவை இருமி, முனகி, திடீரென்று குழாயைக் கழற்றி எறிந்தது. கூழ் முதலில் சுவருக்குப் போனது. பிறகு ஃபேனுக்குப் போனது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததால் அதன் பிறகு எங்கெல்லாம் போனது என்று சொல்லத் தேவையில்லை. மெஷினின் நிலவரம் பார்க்க அப்போதுதான் வாசலில் கால் வைத்த அண்ணிக்கும் நெற்றி நிறையக் கிடைத்தது.

கன்ட்ரோலர் கத்த ஆரம்பித்தது. மாவுக் கையோடு அவர் திரையைத் தொட, திரை மொழியை ஜெர்மனுக்கு மாற்றிக்கொண்டது. அடி பிடிக்கும் வாசனை வந்தது. அவர் உடனே போனை எடுத்து ஷிஃப்ட் இன்ஜினியரைக் கூப்பிட்டார். பழக்க தோஷம். மறுமுனையில் அந்த மனுஷன் எந்த யூனிட்டில் கோளாறு என்று கேட்டிருக்கிறார்.

நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன்.

அமைதியானதும் அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மெஷினுக்குள் இருந்தது கருகிப் போயிருந்தது. டப்பில் இருந்த பாதி மாவு மட்டும் மிச்சம். அண்ணி புடவையைச் செருகிக்கொண்டு டப்பின் ஒரு பிடியைப் பிடித்தார்.

"டேய், அந்தப் பக்கம் புடி. என் வூட்டுக்கு எடுத்துகினு போலாம். தெருவே நாளைக்கு சொம்பு எடுத்துகினு வந்து நிக்கும். இங்க கிண்ட யாரு கீறா?"

என் இடது கை அதற்குள் மறு பிடிக்குப் போயிருந்தது. தூக்க அல்ல, விடாமல் இருக்க. அண்ணி இழுத்தார், நான் இழுத்தேன். மாவு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தது. பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் வயசுள்ள இரண்டு பொம்பளைகள் ஒரு பிளாஸ்டிக் டப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றோம். வேண்டுதல் போகிறது, என் கண் முன்னாலேயே போகிறது, தடுக்க எனக்கு ஒரு கைதான் இருக்கிறது.

வீட்டுக்காரர் எங்களைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியில் இருந்த கூழைப் பனியனில் துடைத்தார். உள்ளே போய்ப் பழைய அண்டாவையும் துடுப்பையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"வுடுக்கா. நானு கிண்டுறேன்."

"நீயா?" என்றார் அண்ணி.

"நீயா?" என்றேன் நான்.

அண்ணியும் நானும் ஒத்துப்போன இரண்டாவது விஷயம் அதுதான். ஆண் பிள்ளை துடுப்புப் பிடித்து எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. ஹீட்டர் எத்தனை வாட், பம்ப் எவ்வளவு தள்ளும், திரை எத்தனை அங்குலம் என்று எல்லாம் பேசியாயிற்று. இந்த வீட்டில் நன்றாக வேலை செய்யும் தோள்கள் இரண்டு சும்மா இருக்கின்றன என்பது அவருக்கும் தோன்றவில்லை, அண்ணிக்கும் தோன்றவில்லை, வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கும் தோன்றவில்லை.

கேஸ் அடுப்பை வாசலில் வைத்துப் பற்றவைத்தார். நொய் வெந்தது, மாவை ஊற்றினோம், கிண்டினார். நான் ஒரு பக்கம், அண்ணி ஒரு பக்கம் நின்று ஆளுக்கொரு உத்தரவு போட்டோம். அடியிலருந்து கிண்டு. ஓரத்தை வுடாத. தெரு வந்து வேடிக்கை பார்த்தது. அவருடைய தோஸ்து ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு, "இன்னா மாமு, ஓவர்டைமா?" என்றார். பதில் சொல்ல அவருக்கு மூச்சு இல்லை. அண்ணி திட்டிக்கொண்டேதான் இருந்தார். ஆனால் நடுவில் போய்த் தம்பி நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டும் வந்தார்.

இருந்தது பாதி மாவு என்பதால் மோரைத் தாராளமாக விட்டுக் கரைத்து, ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றினோம். முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் எப்போதும் போல. கூழ் எப்போதும் போல இல்லை, மொச்சைக்கொட்டை அளவுக்குக் கட்டிகள். கூட்டம் குறை சொல்லிக்கொண்டே இரண்டாம் சொம்பு வாங்கிக்கொண்டது. அண்ணி மூன்று வாங்கினார்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து சட்டையைக் கழற்றப் பார்த்தார். கை பாதியில் நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. நான் என் ஒரு கையால் இழுக்க, அவர் குனிய, பொத்தான் ஒன்று தெறிக்க, ஒருவழியாகச் சட்டை கழன்றது. தைலத்தைத் தோளில் தேய்த்தபோது சின்னப் பிள்ளை போல முனகினார்.

"வருசா வருசம் உனுக்கு இப்டித்தான் வலிக்குமா மே?"

"ஆமா."

"ஒரு வார்த்த சொல்லிக்கலாம்ல?"

"சொன்னேன்யா. நீ மெஷின் வாங்கினே."